வயிற்றைக் கட்டிய வீரன்!

உண்ணாவிரதம் நமக்குப் புதிதல்ல. பந்தல் போடுவார்கள், பாய் விரிப்பார்கள், ஒலிபெருக்கி கட்டுவார்கள், புகைப்படக்காரர் வந்துவிட்டாரா என்று தலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். பொழுது சாய்ந்ததும் பெரியவர் ஒருவர் வருவார், பழச்சாறு தருவார், படம் பிடிப்பார்கள், பந்தலைப் பிரிப்பார்கள். மறுநாள் ஏட்டிலே 'மாபெரும் தியாகம்' என்று மகுடமிட்டுச் செய்தி வரும்!

நான் இன்று சொல்ல வந்தது வேறோர் உண்ணாவிரதம். பந்தல் இல்லை, பழச்சாறு இல்லை, பாராட்டுரை இல்லை. பதினோரு நாள் பருக்கை இல்லை. பச்சைத் தண்ணீரும் இல்லை. அதுவும் படுத்துக்கொண்டு அல்ல, பறந்துகொண்டே!

2022 ஆம் ஆண்டு அக்டோபர் 13 ஆம் நாள். வட அமெரிக்காவின் வடமேற்கு முனையான அலாஸ்காவிலிருந்து ஒரு பறவை புறப்பட்டது. பட்டைவால் மூக்கன் என்பது அதன் இனப்பெயர். நீண்ட மூக்கு, நெடிய கால், கையில் எடுத்தால் ஏறத்தாழ அரைக் கிலோ எடை. அவ்வளவுதான் அதன் ஆகிருதி. வயது ஐந்தே மாதம். அதன் உடலில் சிறியதொரு கருவியைப் பொருத்தியிருந்தனர். செயற்கைக் கோள் வழியாக, போகுமிடமெல்லாம் தெரிவிக்கும் கருவி. பறவைக்குப் பெயர் இல்லை. 234684 என்ற எண் மட்டும் உண்டு.

அந்த எண் பசிபிக் பெருங்கடலின் மேல் பறந்தது, பறந்தது, பறந்துகொண்டே இருந்தது. பதினோராம் நாள் ஆஸ்திரேலியாவின் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவில் இறங்கியது. இடையிலே எங்கும் இறங்கவில்லை. கடந்த தொலைவு 13,560 கி.மீ. குமரி முனையிலிருந்து காஷ்மீரத்துச் சிறீநகருக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 2,900 கி.மீ. அதைப்போல் நான்கரை மடங்குக்கும் மேல்! கணக்குப் போட்டால் மணிக்கு 50 கி.மீ.க்குக் குறையாத வேகம், இரவும் பகலும், இடைவிடாமல்.

களைத்தால் கடலில் இறங்கிச் சற்று மிதந்து இளைப்பாறலாமே என்பீர்கள். வாத்துக்கு அது முடியும். மூக்கனுக்கு அந்த உடலமைப்பு இல்லை. அது சேற்றில் நடக்கும் பறவை. நீரில் நீந்தி வாழும் பறவையல்ல. பறக்க வேண்டும், இல்லையேல் சாக வேண்டும். நடுக்கடலில் அதற்கு மூன்றாவது வழி கிடையாது.

எப்படி முடிந்தது? "எல்லாம் அவன் செயல்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். சொல்பவருக்கும் வேலை மிச்சம், கேட்பவருக்கும் மூளை மிச்சம். ஆனால் எப்படி என்று கேட்டவர்கள் உலகில் இருந்தார்கள், தோழர்களே! கேட்டதால்தான் நமக்கு விடை கிடைத்தது.

1987 ஆம் ஆண்டு அக்டோபரில், அலாஸ்காவில் இரவிலே கிளம்பிய மூக்கன்கள் சில, ராடார் நிலையத்தின் கூண்டில் மோதி மாண்டன. செத்த பறவைதானே என்று குப்பையில் எறியவில்லை. அறுத்துப் பார்த்தனர், அளந்து பார்த்தனர். அமெரிக்க அறிஞர் ராபர்ட் கில்லும் டச்சு அறிஞர் தியூனிஸ் பியர்ஸ்மாவும் 1998 இல் முடிவை வெளியிட்டனர். உடல் எடையில் பாதிக்கு மேல், நூற்றுக்கு 55 பங்கு அளவுக்கு, கொழுப்பு! ஆனால் இரைப்பை சிறுத்திருந்தது, குடல் சிறுத்திருந்தது, ஈரலும் சிறுநீரகமும்கூடச் சிறுத்திருந்தன.

நெடும்பயணம் போகிறவன் என்ன செய்வான்? வழிச்செலவுக்குப் பணத்தை மடியில் முடிவான். தேவையற்ற சுமையை வீட்டிலே வைத்துவிடுவான். அதைத்தான் அந்தப் பறவை செய்கிறது. அதன் பணம் கொழுப்பு. எடைக்கு எடை பார்த்தால் மாவுப்பொருளைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் தரும் பொருள் அது. எரியும்போது உடலுக்கு வேண்டிய நீரையும் தருவது. வயிறோ பறக்கும் நாளில் வேலையில்லாச் சுமை. உண்ணாதபோது குடல் எதற்கு? ஆகவே குடலைச் சுருக்கிக்கொள்கிறது. இதன் உறவினரான உள்ளான்களை ஆராய்ந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. புறப்படுவதற்கு முன் இரைப்பையும் குடலும் இளைக்கும் அதே நேரத்தில், நெஞ்சுத் தசையும் இதயமும் பருக்கின்றன!

"வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைத்தேன்" என்று நம் தாய்மார்கள் சொல்வார்கள். அவர்கள் சொன்னது உவமை. இந்தப் பறவை மெய்யாகவே வயிற்றைக் கட்டிக்கொண்டு பறக்கிறது.

அறிவும் குறைவில்லை. நினைத்த நேரத்தில் கிளம்பிவிடுவதில்லை. அலாஸ்காவை ஒட்டிய கடலில் புயற்சின்னம் உருவாகி, தெற்கு நோக்கிக் காற்று திரும்பும்வரை காத்திருக்கிறது. காற்று முதுகுப்பக்கம் வந்ததும் எழுகிறது. பெரிய பறவைகள் பெரும்பாலும் முன்னதாகவே போய்விடுகின்றன. வழிகாட்டத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. கதிரவன், விண்மீன், பூமியின் காந்தப்புலம் ஆகியவை பறவைகளுக்குத் திசை காட்டுகின்றன என்பது சோதனைகளில் கண்ட உண்மை. யாரிடமும் பஞ்சாங்கம் கேட்கவில்லை. இராகு காலம் பார்த்துச் சிறகை மடக்கவும் இல்லை!

* * *

இதை அறிந்துகொள்ள மனித இனம் கடந்து வந்த பாதையும் ஒரு நெடும்பயணமே.

குளிர்காலத்தில் பறவைகள் காணாமற் போகின்றனவே, எங்கே போகின்றன? கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டிலே, ஓர் இனம் குளிர்காலத்தில் வேறோர் இனமாக மாறிவிடுகிறது என்று எழுதிவைத்தார். 1555 இல் சுவீடன் நாட்டுப் பாதிரியார் ஓலாஸ் மாக்னஸ், தகைவிலான் குருவிகள் நீருக்கடியில் உறங்குகின்றன, வலைஞர்கள் அவற்றை வலையில் இழுக்கிறார்கள் என்று படம் போட்டுக் காட்டினார். 17 ஆம் நூற்றாண்டில் சார்லஸ் மார்ட்டன் என்ற ஆங்கிலேயர், பறவைகள் நிலாவுக்குப் போகின்றன, போய்ச்சேர அறுபது நாளாகும் என்றார்! படித்தவர்கள் சொன்னார்கள், பாமரர் நம்பினார்கள். மூடநம்பிக்கைக்கு நாடு ஏது, நிறம் ஏது?

1822 இல் ஜெர்மனியில் ஒரு நாரை சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் கழுத்தில் ஓர் ஈட்டி பாய்ந்து நின்றது. அது ஆப்பிரிக்க மரத்தில் செய்த ஈட்டி! எவனோ ஒரு வேடன் ஆப்பிரிக்காவில் எறிந்ததைக் கழுத்தில் சுமந்தபடியே அந்த நாரை ஐரோப்பா வந்து சேர்ந்திருந்தது. ஆயிரம் ஏட்டுச்சுவடிகள் சொல்லாத உண்மையை அந்த ஒற்றை ஈட்டி சொன்னது. இன்றும் ராஸ்டாக் பல்கலைக் கழகத்தில் அந்த நாரையைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

1899 இல் டென்மார்க் நாட்டில் மார்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர், பறவைகளின் காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டிப் பறக்கவிட்டார். மன்னர் அல்ல, மடாதிபதி அல்ல. மாணவர்களுக்குப் பாடம் சொன்ன மனிதர். அவர் தொடங்கிய அந்த முறையில்தான், நம் கோடியக்கரையிலே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல்லாயிரம் பறவைகளுக்கு வளையம் இட்டார்கள். சைபீரியப் பனிவெளியில் பிறந்த உள்ளான்கள் வேதாரணியத்துச் சதுப்பில் குளிர்காலம் கழிக்கும் வரலாறு துலங்கிற்று. சத்திமுற்றத்துப் புலவன் நாரையை அழைத்துத் தன் வறுமையைத் தூது சொன்னான் என்பது நம் இலக்கியம். பறவை தெற்கே வரும், வடக்கே திரும்பும் என்று அந்த ஏழைப் புலவன் கண்ணால் கண்டிருந்தான். நிலாவுக்குப் போகிறது என்று அவன் கதை கட்டவில்லை!

* * *

இன்னொரு செய்தியைக் கேளுங்கள். பிறப்பிலேயே எல்லாம் முடிந்துவிட்டது, இவனுக்கு இவ்வளவுதான், அவனுக்கு அவ்வளவுதான் என்று தலையெழுத்துப் பேசுவோர் கட்டாயம் கேட்க வேண்டிய செய்தி.

'ரெட் நாட்' என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் ஓர் உள்ளான் உண்டு. கிளிஞ்சலை ஓட்டோடு விழுங்கி, இரைப்பையின் தசை வலுவால் உள்ளேயே நொறுக்கித் தின்னும் பறவை. நெதர்லாந்தின் டெக்சல் தீவில் உள்ள கடலாய்வு நிலையத்தில் இதை வளர்த்துச் சோதித்தார்கள். மென்மையான உணவு கொடுத்தால் இரைப்பை சிறுத்தது. ஓடுள்ள கிளிஞ்சல் கொடுத்தால் அதே பறவையின் இரைப்பை பெருத்தது. மருத்துவமனையில் கருப்பிணிகளைப் பார்க்கும் ஒலியலைக் கருவி கொண்டு, பறவையைக் கொல்லாமலே அளந்து பார்த்தார்கள்.

நிறமும் மாறுகிறது. குளிர்காலத்தில் சாம்பல் நிறம். இனம்பெருக்கும் காலத்தில் செங்கல் நிறம். இறகுக்குப் பூசும் மெழுகுகூட மாறுகிறது. அடைகாக்கும் பருவத்தில் மணம் எளிதில் பரவாத வேறொரு மெழுகு சுரக்கிறது. தரையில் கூடு கட்டும் பறவை நரியின் மூக்குக்குத் தப்ப வேண்டாமா? மோப்ப நாயை வைத்துச் சோதித்தபோது, அந்த மெழுகை மோப்பம் பிடிக்க நாய் திணறியதாம்!

ஒரே பறவை, ஒரே பிறவி. வாய்ப்புக்கு ஏற்ப வளர்கிறது, தேவைக்கு ஏற்ப மாறுகிறது. பறவையின் இரைப்பைக்கே தலைவிதி கிடையாது; பகுத்தறிவு படைத்த மனிதனின் மூளைக்கு மட்டும் தலைவிதி உண்டாம்! "படிப்பு அவர்களுக்கு ஏறாது" என்று ஒரு கூட்டத்தைப் பார்த்து ஒரு காலத்தில் சொன்னார்களே, அவர்கள் மறந்தது ஒன்றுதான்: முதலில் உணவைக் கொடுத்துப் பார், பிறகு உறுப்பு வளர்கிறதா இல்லையா என்று சொல்!

* * *

இனி, வேதனைப் படலம்.

வயிற்றைச் சுருக்கிக்கொண்டு பறக்கிற பறவை, இறங்குகிற இடத்தில் எப்படி இருக்கும்? கொழுப்பு தீர்ந்திருக்கும், குடல் சிறுத்திருக்கும், கடினமான ஓட்டை உடனே நொறுக்கும் வலு இரைப்பைக்கு இருக்காது. அந்த நேரத்தில், அந்த இடத்தில், மென்மையான உணவு மிகுதியாகக் காத்திருக்க வேண்டும். ஒரு வாரம் பிந்தினாலும் பயனில்லை. ஒரு காதம் தள்ளியிருந்தாலும் பயனில்லை.

தென் அமெரிக்காவின் தென்கோடியான டியரா டெல் ஃபியூகோவிலிருந்து ஆர்க்டிக் செல்லும் ரெட் நாட் பறவைகளுக்கு, அமெரிக்காவின் டெலவேர் வளைகுடாதான் அன்னசத்திரம். ஆண்டுதோறும் மே மாதத்தில் குதிரைலாட நண்டுகள் கரையேறி மணலில் முட்டையிடும். மெல்ல வேண்டாத, நொறுக்க வேண்டாத முட்டை! இரண்டு மூன்று வாரத்தில் பறவையின் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும். பிறகு வடக்கே பறக்கும்.

1990களில் அந்த நண்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். எதற்கு? விலாங்கும் சங்கும் பிடிக்கத் தூண்டில் இரையாக! 1980களில் டியரா டெல் ஃபியூகோ பகுதியில் 50,000க்கு மேல் குளிர்காலம் கழித்த இந்தப் பறவைகள், 2000களின் நடுவில் 20,000க்கும் கீழே இறங்கின. 2008 இல் நியூ ஜெர்சி மாநிலம் நண்டு பிடிக்கத் தடை போட்டது. 2014 இல் அமெரிக்க அரசு இந்தப் பறவையை அழிவு அச்சுறுத்தலுக்கு ஆளான இனமாக அறிவித்தது. 1995 இல் அர்ஜென்டினாவில் வளையமிடப்பட்ட பி95 என்ற ஒரு பறவை அதன்பின் பல ஆண்டுகள் கண்ணில் பட்டது. அது வாழ்நாளில் பறந்த தொலைவைக் கணக்கிட்டு, நிலாவுக்குப் போய்ப் பாதி வழி திரும்பும் தூரம் என்றார்கள்; 'நிலாப் பறவை' என்றே பெயரிட்டார்கள். மார்ட்டன் சொன்ன கட்டுக்கதை இப்படியொரு வகையில் மெய்யானது!

மூக்கனின் அன்னசத்திரம் மஞ்சள் கடல். 2007 இல் ஈ7 என்ற பெண் மூக்கன், நியூசிலாந்திலிருந்து சீனக் கரையின் யாலு ஆற்று முகம்வரை ஏறத்தாழ 10,000 கி.மீ. ஒரே மூச்சில் பறந்து, அங்கே உண்டு உடல் தேறி, அதன் பிறகே அலாஸ்கா போயிற்று. ஆகஸ்டு இறுதியில் கிளம்பி, 11,000 கி.மீ.க்கு மேல் எட்டு நாளில் கடந்து நியூசிலாந்து திரும்பியது. திரும்பும் வழியில் நடுவே தங்கல் இல்லை. போகும் வழியிலோ மஞ்சள் கடல் இல்லாமல் பயணமே இல்லை.

அந்த மஞ்சள் கடலின் அலைச் சேற்றுவெளி ஐம்பது ஆண்டில் நூற்றுக்கு 65 பங்குவரை அழிந்திருக்கலாம் என்று 2014 இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. தென் கொரியாவில் சேமாங்கம் என்ற இடத்தில் 33 கி.மீ. நீளத்துக்குக் கடலின் குறுக்கே சுவர் எழுப்பினார்கள். 1991 இல் தொடங்கிய வேலை. 2006 ஏப்ரலில் அலையின் கடைசி வாயிலும் அடைபட்டது. சேறு காய்ந்தது, கிளிஞ்சல் மடிந்தது. பல்லாயிரக்கணக்கில் வந்திறங்கிய பெரிய உள்ளான்கள் காணாமற் போயின.

பறவை மட்டுமா? அந்தச் சேற்றில் கிளிஞ்சல் பொறுக்கிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட ஏழைப் பெண்கள் பிழைப்பிழந்தனர். 2003 இல் துறவிகளும் பாதிரியார்களும் மூன்றடி நடந்து ஒருமுறை தரையில் விழுந்து எழுந்தபடியே ஏறத்தாழ 300 கி.மீ., 65 நாள், தலைநகர் சியோலுக்கு நடந்தனர். அவர்கள் கும்பிட்டது எந்தத் தெய்வத்தை என்பது நமக்கு வழக்கல்ல. எதற்காக முழங்கால் தேய்ந்தது என்பதே வழக்கு. அதைக் கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை.

கொடுமை இன்னும் ஒன்று. ஆர்க்டிக்கில், ரெட் நாட் பிறக்கும் நிலத்தில், ஆண்டுக்கு அரை நாள் வீதம் பனி முன்கூட்டியே உருகிவருகிறது என்று 2016 இல் அறிஞர்கள் கண்டனர். பூச்சி மிகுந்த பருவம் முந்திவிடுகிறது. குஞ்சு பொரிப்பது பிந்திவிடுகிறது. இரை குறைந்த குஞ்சு குட்டையாக, குறுமூக்கோடு வளர்கிறது. அது பறந்து மேற்கு ஆப்பிரிக்காவின் மாரிடேனியாவுக்கு வந்தால், சேற்றின் ஆழத்தில் உள்ள கிளிஞ்சல் அதன் மூக்குக்கு எட்டுவதில்லை, மாண்டுபோகிறது. குற்றம் புகைபோக்கிகளின் நாட்டில், சூடு ஆர்க்டிக்கில், சாவு ஆப்பிரிக்காவில்! குழந்தைப் பருவத்தில் பறித்த சோறு, வளர்ந்த பின் உயிரைப் பறிக்கிறது. பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போடுவது வீண் செலவு என்று பேசுவோர் இந்தப் பறவையிடம் பாடம் கேட்கட்டும்.

* * *

"வயிற்றைக் கட்டுங்கள், நாடு உயரும்" என்று ஏழைக்கு உபதேசம் செய்பவர்கள், இதோ ஒரு பறவையே கட்டிக்கொள்கிறதே என்று சான்று காட்டக்கூடும். காட்டட்டும்! ஆனால் முழுக்கதையையும் சொல்லட்டும். மூக்கன் பதினோரு நாள் பட்டினி கிடக்க முடிவது, பயணத்தின் முன்னும் பின்னும் பந்தி விரிந்திருப்பதால்தான். பந்தியைப் பறித்துவிட்டுப் பட்டினியை மட்டும் பாராட்டினால் அதற்குப் பெயர் உபதேசம் அல்ல, கொலை! குடல் சுருங்கும், மீண்டும் விரியும். விரிவதற்குச் சோறு வேண்டும். சோற்றுக்குச் சேறு வேண்டும்.

அந்தச் சேற்றுக்கு ஆள்வோர் ஏடுகளில் என்ன பெயர்? வீண்நிலம், கழிவெளி, புறம்போக்கு! உழவில்லை, ஆகவே உதவாது. கட்டடம் இல்லை, ஆகவே காலி. பள்ளிக்கரணைச் சதுப்பில் ஆண்டாண்டாகக் குப்பையைக் கொட்டியது அந்தப் பெயரின் துணிவில்தான். அதே பள்ளிக்கரணை 2022 இல் பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சார் ஈரநிலமாயிற்று. கோடியக்கரை 1967 இல், அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்த ஆண்டில், வனவிலங்குப் புகலிடமாயிற்று. 2002 இல் ராம்சார் பட்டியலில் ஏறிற்று. சீனா 2018 இல் கடற்கரையைத் தூர்த்து வாணிகம் செய்வதற்குக் கடிவாளம் போட்டது. 2019 இல் மஞ்சள் கடலின் சீனக் கரையும் 2021 இல் கொரியச் சேற்றுவெளியும் உலக மரபுச் சொத்துகளாயின. முடியும் என்பதற்கு இவை சான்று. போதும் என்பதற்கு அல்ல.

ஒரு மூக்கனின் உயிர், பல நாடுகளின் கையில் பங்குபோட்டு வைக்கப்பட்டிருக்கிறது. அலாஸ்கா காத்து, மஞ்சள் கடல் கைவிட்டால் பயனில்லை. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி அறுந்ததே. ஆகவே ஒவ்வொரு கரையும் தன் கண்ணியைக் காக்கட்டும். நம் பங்குக்கு வந்த கண்ணி வேதாரணியத்தின் சதுப்பு, பள்ளிக்கரணையின் கழி, கரையோரத்து ஒவ்வொரு ஏரியும் முகத்துவாரமும்.

கையெழுத்துப் போட்டு ஒரு சதுப்பைத் தூர்க்கச் சொல்லும் அதிகாரி, மை காய்வதற்குள் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். எங்கோ பனிவெளியில் ஒரு பறவை, அந்தச் சேறு இருக்கும் என்ற நம்பிக்கையில் இந்நேரம் குடலைச் சுருக்கத் தொடங்கியிருக்கும்.